மழைக்கு ஒரு கேள்வி

நாவலப்பிட்டிப் பாடசாலையொன்றில் நான் விஞ்ஞான ஆசிரியர். ‘மழை’ என்று ஒரு செயற்திட்டம் கொடுத்துப் பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பினேன். வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். நியாயம் கேட்க நானே போனேன்.

நூலகர் ஒல்லியான பெண்மணி. யார் புத்தகம் கேட்டாலும், முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் நிதானமாகத் துடைப்பார். எனக்கும் துடைத்தார்.

“மழைங்கிறது தலைப்பு சேர். கேள்வி எங்க? ஒங்களுக்கு மழையப் பத்தி என்ன தெரியணும்?”

வருடக்கணக்காக மழையைப் படிப்பித்த எனக்குத் தெரிய வேண்டியது எதுவும் இருக்கவில்லை. தப்பி ஓடலாமென்று வெளியே பார்த்தேன். கொட்டிக்கொண்டிருந்தது.

“இது எப்ப விடும் மிஸ்?”

அவர் முகம் மலர்ந்தது. கதிரையை இழுத்துப் போட்டு, புத்தகங்களை அடுக்கினார்.

“ஒக்காருங்க சேர். தேடுவோம்.”

அன்று மழை எப்போது விட்டதென்று எனக்குத் தெரியாது. படித்துக்கொண்டிருந்தேன்.