ஆத்தூர் துரை

போன வாரம் உச்சி வெயிலில் இரண்டு இளைஞர்கள் எங்கள் வீட்டு கேட்டைத் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, நெஞ்சில் பெயர் எழுதிய கறுப்பு வில்லை. இரண்டு நிமிஷம் கடவுளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார்கள். எண்பதைத் தாண்டியவனிடம் பேச வேண்டிய விஷயம்தான் என்று உட்காரச் சொன்னேன். மருமகள் மோர் கொடுத்தாள். அவர்கள் பேசினார்கள், நான் கேட்கவில்லை. கஞ்சி போட்ட சட்டை வியர்வையில் நனைந்தால் பழைய சோறு போல ஒரு வாசம் வரும். மின்விசிறி அதை என் பக்கம் தள்ளியது. நான் அதற்குள் புதுச்சத்திரத்துப் பாதையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன்.

நானும் அந்த உத்தியோகம் பார்த்தவன்தான். பெரிய யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தி. சேலத்து மிஷன் பள்ளியில் படித்துவிட்டு, கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைக்காததால், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்கும் உபதேசியார் ஆனேன். தேவ அழைப்பு என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். சீமையிலிருந்து புதிதாக வந்திறங்கிய ஒரு வெள்ளைக்காரருக்கு என்னை ஜோடியாகப் போட்டார்கள். பெயர் ஆர்தர். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் துரை. எங்களை அனுப்பிய நாமக்கல் பக்கத்துச் சனங்களின் வாயில் ஆர்தர் நுழையவில்லை, ஆத்தூர் ஆகிவிட்டது.

"ஏனுங் சாமி, ஆத்தூருல மழை பேஞ்சுதுங்களா?" என்று சந்தையில் கேட்பார்கள்.

"தெரியவில்லை ஐயா, நான் இன்னும் அங்கே போனதில்லை" என்பார் அவர். சொந்த ஊரையே பார்க்காத மனுசன் என்று பரிதாபப்பட்டு நிலக்கடலை கொடுப்பார்கள்.

திங்கட்கிழமை துணி வெளுத்துக் கஞ்சி போடுவோம். செவ்வாய், சந்தை. அவர் ஒரு சின்ன ஆர்மோனியத்தை வாசிப்பார், நான் பாடுவேன், கூட்டம் கூடும். பாட்டு முடிந்து பிரசங்கம் ஆரம்பித்ததும் கலையும். கூடியது என் பாட்டுக்கா ஆர்மோனியத்துக்கா என்று நான் விசாரித்ததில்லை. மற்ற நாட்களில் கிராமம் கிராமமாகப் போவோம். சனிக்கிழமை பஞ்சர் ஒட்டுவது. ஞாயிறு ஆராதனைக்கு, நாங்கள் தங்கியிருந்த மிஷன் பங்களாவின் சமையல்காரரும் தோட்டக்காரரும் வருவார்கள். சமையல்காரர் பாதியில் குழம்பைக் கிளறப் போய்விடுவார்.

துரையின் தமிழ், முன்ஷி வாத்தியாரிடம் படித்த ஏட்டுத் தமிழ். டீக்கடையில் போய், "எனக்குச் சிறிது வெந்நீர் தந்தருளும்" என்பார். கடைக்காரர் பயந்து சும்மாவே கொடுத்துவிடுவார்.

நாங்கள் போன ஊர்களில் ஒன்றில் செங்கோடன் என்றொரு பண்ணையக்காரர் இருந்தார். நல்ல உயரம், குறைந்த பேச்சு. அவருடைய சித்தப்பா ஒருவர் இளவயதில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகி, வீட்டோடு சண்டையாகி, ஊரை விட்டே போனவர், திரும்பவில்லையாம். அந்தக் கோபம் இவரிடம் இருந்தது. முதல் நாளே ஊர் எல்லையில் வழிமறித்தார்.

"ஊருக்குள்ள வரப்படாதுங்க. வந்தீங்கன்னா கல்லெடுத்து அடிச்சுப்போடுவமுங்க" என்றார். அத்தனை மரியாதையாக யாரும் என்னை மிரட்டியதில்லை. துரை தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார். அன்றிலிருந்து அந்த ஊரைச் சுற்றிக்கொண்டு போனோம்.

ஒருநாள் அப்படிச் சுற்றிப் போகும்போது செங்கோடன் தோட்டத்துக் கட்டுத்தரையிலிருந்து ஒரு மாட்டின் கதறல் கேட்டது. துரை சைக்கிளை நிறுத்திக் காது கொடுத்தார். பிறகு சைக்கிளை அப்படியே வேலியில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கல் ஞாபகம் வந்தது. ஆனாலும் பின்னால் போனேன்.

காங்கேயத்துப் பசு, தரையில் கிடந்தது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. விடியலிலிருந்து இப்படியே கிடக்கிறதாம். செங்கோடன் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், அடிக்க எழுந்திருக்கவில்லை.

துரை கஞ்சி போட்ட சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "எங்கள் வீட்டில் நாற்பது மாடு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதுவரை அவர் குடியானவர் வீட்டுப் பிள்ளை என்பதே எனக்குத் தெரியாது. செங்கோடனின் மனைவியிடம் விளக்கெண்ணெய் வாங்கி முழங்கைக்கு மேல்வரை பூசிக்கொண்டு, மண்ணில் குப்புறப் படுத்தார். கன்றின் இன்னொரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது. கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அந்தக் காலை நிமிர்த்தி எடுக்க வேண்டும். மாடு முக்கும்போதெல்லாம் அவர் கை உள்ளே நசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய பாஷையில் என்னவோ சொன்னார். அது வேத வசனம் இல்லை.

"இப்போது இழுங்கள் ஐயா!" என்று திடீரென்று கத்தினார். செங்கோடனும் நானும் இழுத்தோம். கன்று வந்து விழுந்தது. அசைவில்லை. துரை அதன் மூக்கை வழித்துவிட்டு, ஒரு வைக்கோலை மூக்குக்குள் விட்டுக் குடைந்தார். அது தும்மியது.

செங்கோடன் அழுதார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நேராக நின்றார். "நானென்ன செய்யோணுமுங்க? உங்க வேதத்துல சேரோணும்னா குடும்பத்தோட சேந்துக்கறனுங்க" என்றார்.

அவர் மனைவி வாசற்படியில் நின்றிருந்தார். முந்தானை வாய்க்குப் போனது. சித்தப்பா கதை அந்த அம்மாவுக்கும் தெரியும்தானே.

எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். பலன் இல்லாவிட்டால் இந்த இடத்து ஊழியத்தையே மூடிவிடுவதாக மிஷனுக்குத் தலைவரான சேலத்துப் பெரிய துரை சொல்லியிருந்தார். எனக்கோ பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை நிரந்தரமா என்று பெண்வீட்டார் இரண்டுமுறை ஆள் விட்டுக் கேட்டாயிற்று.

துரை கையைக் கழுவிக்கொண்டே, "வேண்டாம் ஐயா" என்றார். "மாட்டுக்காக வேண்டாம். மாடு பிழைத்தது, அது போதும்." அவருடைய தமிழ் அன்றைக்கென்று எல்லோருக்கும் புரிந்தது. நான் மொழிபெயர்க்க ஒன்றும் மீதி இல்லை. அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய துரை அடுத்த முறை வந்தபோது இது அவர் காதுக்குப் போயிருந்தது.

"ஒரு குடும்பம் தானாக வந்ததாம். நீர் திருப்பி அனுப்பினீராமே?"

"அவர்கள் கடன் தீர்க்க வந்தார்கள், ஐயா. விசுவாசித்து வரவில்லை."

அந்த மாதமே துரையை வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். அவர் பஸ் ஏறியதும் செங்கோடன் கன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் வந்து நின்றார். துரை இறங்கி அதன் கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். பிறகு யுத்தம் வந்தது. துரை என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊழியத்தை ஏனோ மூடவில்லை. கல்யாணமும் நடந்தது. நான் தனியாகவே சுற்றினேன். அதன்பிறகு செங்கோடன் என்னைக் கட்டில் போட்டு உட்காரவைத்து, "படியுங்க, கேக்கறனுங்க" என்பார். ஒருமுறை இயேசு மாட்டுக்கொட்டகையில் பிறந்த கதையைப் படித்தேன்.

"கொட்டாயிலயா? அப்ப யாருங்க கை குடுத்தாங்க?"

"அது எழுதலைங்க" என்றேன்.

"நம்ம ஆத்தூராரு மாதிரி ஒருத்தரு இருந்திருப்பாருங்க. அவுங்க பேரையெல்லாம் ஆரு எழுதறாங்க" என்றார். கடைசிவரை அவர் வேதத்தில் சேரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தத் தோட்டத்தில் இப்போது மாடு கிடையாது. கட்டுத்தரை இருந்த இடத்தில் நீளமாகக் கோழிப்பண்ணை. கிணறு தூர்ந்து, போர்வெல் போட்டிருக்கிறார்கள். செங்கோடனின் பேரன்கள் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டார்களாம். சந்தைத் திடலில் லாரி நிற்கிறது. மிஷன் பங்களா இருந்த இடத்தை பஸ் ஜன்னலிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. போன வருஷம் அந்த வழியாகப் போனபோது, அந்த ஊரில் நிறுத்தச் சொல்லி பஸ் கண்டக்டரிடம் கேட்டேன்.

"அங்கெல்லாம் ஸ்டாப்பிங் இல்லீங்க பெரியவரே" என்றார்.

நிறுத்தியிருந்தாலும், இறங்கி யாரைப் பார்ப்பது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.