நீலக் குதிரையும் ஒரு பச்சைப் பொய்யும்

அவரை எல்லோரும் வெள்ளைக்காது என்றுதான் கூப்பிட்டார்கள். பிழைக்க வந்த புதிதில் மூன்று வருஷம் வீடு வீடாக வெள்ளையடித்தார். வேலை முடிந்ததும் முகத்தைக் கழுவுவார், காதை மறந்துவிடுவார். உண்மையில் அவர் கை மரம் செதுக்கும் கை. அதை எடுத்துச் சொல்லத்தான் அந்த ஊர்ப் பாஷை வரவில்லை. ஒருநாள் குடைராட்டின முதலாளி வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனவர், மூலையில் கிடந்த மூக்கறுந்த மரக்குதிரைக்குச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமில்லாமல் புது மூக்கு செதுக்கி ஒட்டிவிட்டார். அதற்கப்புறம் பாஷை எதற்கு? மறுநாளே பதினாறு குதிரைகளும் அவர் பொறுப்பு. கால் ஒட்டுவது, பிடரி செதுக்குவது, பல்லுக்கு வண்ணம் தீட்டுவது எல்லாம் அவரே.

கொஞ்சம் காலூன்றியதும் மனைவியையும் மகளையும் வரவழைத்தார். விட்டுவந்தபோது தவழ்ந்தவளுக்கு இப்போது ஐந்து வயது. வந்திறங்கியவள் அண்ணாந்து பார்த்து, “வணக்கம் மாமா” என்றாள்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “அடியே, அப்பாடீ!”

“அப்பா போன்ல இருக்காரு. இது மாமா.”

மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. கிளி செதுக்கிக் கொடுத்தார். “தேங்க்ஸ் மாமா.” வாலாட்டும் எலி செய்து கொடுத்தார். “சூப்பர் மாமா.”

“மர உளிக்காரருக்குக் கல்லுளிமங்கிதான் பொறப்பா” என்று மனைவி சிரித்தாள்.

“சிரிக்காத. அவளுக்கு நான் மாமான்னா உனக்கு அண்ணன். நம்ம கல்யாணத்தையே ரத்து பண்ணிட்டா, பாரு!”

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் ராட்டினத்துக்கு வந்தார்கள். மனைவி தண்ணீர் பிடிக்கப் போனாள். அவர் முன்வரிசைக் குதிரைக்கு நீலம் பூசி முடித்து, பிரஷ் கழுவத் திரும்பினார். திரும்பிப் பார்த்தால் மகள் குதிரைமேல். புதுக் கவுன் பாதி நீலம், முழங்கால் முழு நீலம்.

“என்னடி கோலம் இது?” தண்ணீர்ப் பாட்டிலோடு மனைவி வந்து நின்றாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“நான் இல்லம்மா! அப்பாதான் ஏத்திவிட்டாரு!”

நீலக் குதிரைமேல் உட்கார்ந்து பச்சைப் பொய். அவர் அவளைத் தொடக்கூட இல்லை.

“ஏங்க, அறிவிருக்கா உங்களுக்கு?”

“இல்ல” என்றார், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. “அப்பாதான் ஏத்திவிட்டேன்.”

பொய் பலித்ததைப் பார்த்தவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. “காலைல பாலக் கொட்டினதும் அப்பாதான்!”

பால் கொட்டிய நேரத்தில் அவர் வீட்டிலேயே இல்லை.

“ஆமா ஆமா, அதுவும் அப்பாதான். வேற என்னம்மா பண்ணினேன்? சொல்லு, சொல்லு.”