சாவியைக் கொடுக்காத சம்பந்திகள்

வீட்டுப் புரோக்கருக்கு விடிந்தும் விடியாமலும் ஃபோன் வந்தால் அது நல்ல செய்தியாக இருக்காது. அன்றைக்குக் கூப்பிட்டவர் ஓனர் நடராஜ்.

"ஏனுங்க மேரியக்கா, நீங்க குடி வெச்ச புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போயிட்டாங்க. இப்ப ரெண்டு பெருசுக பாய் தலகாணியோட வந்து உக்காந்திருக்குதுங்க. இவிங்களுக்கு இங்க என்னங்க வேலை?"

குன்னூரில் இருபத்தைந்து வருடமாக வீடு பிடித்துக் கொடுக்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன குடித்தனக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நான் வைத்தவர்கள் போய், வைக்காதவர்கள் வந்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, கமிஷன் எவ்வளவு வரும் என்று கேட்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

1. மாப்பிள்ளையின் கௌரவம்

கவிதாவுக்கும் பிரவீனுக்கும் கல்யாணமான புதிதில், ஜெகதளா போகிற வழியில் அந்த வீட்டை லீஸுக்குப் பிடித்துக் கொடுத்தேன். லீஸ் என்றால் மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை ஓனரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருப்பது, காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்வது. இந்த வீட்டுக்கு ஆறு லட்சம். கவிதாவின் அப்பா துரை நான்கு லட்சம் போட்டார். ஊட்டியில் கேரட் மண்டி நடத்தி, அதை மகனிடம் விட்டுவிட்டவர். பிரவீனின் அப்பா ரங்கசாமி இரண்டு லட்சம் போட்டார். அருவங்காடு ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர்.

அக்ரிமெண்ட் எழுதும்போது, "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரையும் போட்டுருங்க" என்றேன். ரங்கசாமி முகம் சுளித்தார். அவரை முந்திக்கொண்டு பதறியவர் துரைதான்.

"அதெப்படிங்கம்மா? மாப்பிள்ளைக்கு ஒரு கௌரவம் வேண்டாமுங்களா? பொண்ணு பேரையும் சேத்துனா அவரை நாங்க நம்பலைன்னு ஆயிருமுங்க."

நான்கு லட்சம் கொடுத்தவரே அப்படிச் சொல்லும்போது புரோக்கர் என்ன பேசுவது? பிரவீன் பெயரில் மட்டும் எழுதினார்கள். கவிதா அங்கேயேதான் நின்றிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோருக்கும் டீ எடுத்து வரச் சொன்னார்கள், எடுத்து வந்தாள்.

2. ஆளுக்கொரு பாய்

நான்கு வருடத்தில் இருவரும் பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பது புரோக்கருக்குத் தேவையில்லாத விஷயம். நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் சொல்ல மாட்டேன்.

கவிதா ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பக்கத்திலேயே ஒரு ஹாஸ்டலில் சேர்ந்தாள். அங்கே குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. மூன்று வயது மகளை ஊட்டியில் அம்மாவிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த நான்கு லட்சம் வந்துவிட்டால் சின்னதாக ஒரு வீடு எடுத்துக் குழந்தையைக் கூட்டி வந்துவிடலாம். அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் அக்ரிமெண்ட் இருப்பது பிரவீன் பெயரில். ஓனர் ஆறு லட்சத்தையும் அவன் கையில்தான் கொடுப்பார். கௌரவம் பார்த்த துரைக்கு இது அப்போதுதான் உறைத்தது. பணம் கைக்கு வரும்வரை சாவியை விடக்கூடாது என்பது லீஸில் எல்லோரும் அறிந்த விஷயம். மகளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்து பெட்ரூமில் பாயை விரித்துவிட்டார். செய்தி கேட்ட ரங்கசாமி மகனிடம் இருந்த இன்னொரு சாவியோடு வந்து ஹாலில் பாயை விரித்தார்.

ஓனர் நடராஜ் கையை விரித்தார். "ஊட்டைக் காலி பண்ணட்டுமுங்க. புதுப் பார்ட்டி காசு குடுத்தா வாங்கித் தர்றேன்." அவர் வாங்கிய ஆறு லட்சம் எப்போதோ மாடியில் ஹோம்ஸ்டே ஆகிவிட்டது.

நான் கவிதாவையும் பிரவீனையும் பஜாரில் ஒரு பேக்கரியில் உட்கார வைத்துப் பேசினேன். டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்தது.

"அவங்கப்பா குடுத்தது அவளுக்கு, எங்கப்பா குடுத்தது எனக்கு. இதுல பேசறதுக்கு என்னக்கா இருக்குது?" என்றான் பிரவீன். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டான். பிரிகிறவர்களுக்குள் சண்டை இல்லை. சேர்த்துவைத்தவர்களுக்குத்தான் மனசு ஆறவில்லை. பிரவீன் எழுதியதை எடுத்துக்கொண்டு சம்பந்திகளிடம் போனேன்.

"அந்த கெய்சர் நான் மாட்டுனதுங்க. நாலு வருசமா உங்க பொண்ணுந்தானே சுடுதண்ணில குளிச்சுது? அதைக் கழிக்க வேண்டாமுங்களா?" என்றார் ரங்கசாமி.

"அப்பக் கல்யாணத்துல உங்க ஆளுக மூணு பந்தி உக்காந்து தின்னாங்களே, அதையும் கழிச்சுப் போடலாமுங்களா?" என்றார் துரை.

3. வீடு பார்க்க வந்தவர்கள்

புதுப் பார்ட்டி வந்தால்தான் இது தீரும் என்று வீடு பார்க்க ஆள் கூட்டிப் போனேன். முதலில் ஒரு டீச்சரும் அவர் கணவரும். சம்பந்திகள் இருவரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பிறகு ஆரம்பித்தார்கள்.

"தண்ணி வாரத்துக்கு ஒருக்காத்தான் வருமுங்க."

"மழை பேஞ்சா செவுத்துல கை வெக்க முடியாதுங்க, அத்தனை ஓதம்."

"காட்டெருமை வேற. காலைல கதவைத் தொறந்தா வாசல்ல நிக்குமுங்க."

டீச்சர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அடுத்து வந்த பேங்க்காரருக்கும் அதே உபசாரம், அதே காட்டெருமை. ஏதோ சரியில்லை என்று சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரே அடுப்பு, ஒரே குக்கர். முறத்தில் பீன்ஸ் பாதி நறுக்கியபடி கிடந்தது. பின்பக்கம் வெயில் விழும் இடத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அடுத்த முறை சொல்லாமல் போனேன். வாசலிலேயே துரையின் குரல் கேட்டது. "ஏனுங்க சம்பந்தி, ரசத்துக்குப் பூண்டு தட்டட்டுங்களா?"

என்னைப் பார்த்ததும் பூண்டைக் கீழே வைத்துவிட்டு, "நாலு லட்சம் சும்மா வந்துச்சுங்களா?" என்று சண்டையை எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தெருவில் இறங்கி நடக்கும்போது அது கோபமாக மாறியது. பொண்டாட்டி தொல்லை இல்லாமல், வெயில் காய்ந்துகொண்டு, இரண்டு பெரிய மனிதர்கள் மகளுக்காகவும் மகனுக்காகவும் போராடுகிறார்களாம். அந்தப் பெண் ஹாஸ்டல் கட்டிலில் ஃபோனில் குழந்தைக்குக் கதை சொல்லித் தூங்கவைக்கிறாள். அன்றைக்கே கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏனுங்கக்கா, காலி பண்ணுனாத்தானே காசு? காலி பண்ணாம நானே அங்க இருந்துட்டா?" என்று கேட்டாள்.

4. யார் பேர்?

நடராஜிடம் போய்ப் பேசினேன். ஹோம்ஸ்டேயில் சீசன் பணம் வந்திருந்தது. பிரவீனுக்கு இரண்டு லட்சம் திருப்பிக் கொடுத்துவிடுவது, நான்கு லட்சம் அட்வான்ஸாக நிற்பது, குறைந்த தொகைக்கு மாதா மாதம் கவிதா வாடகை கொடுப்பது என்று முடிவானது. மாத வருமானம் என்றதும் நடராஜ் முகம் மலர்ந்தது. பிரவீனும் பழைய அக்ரிமெண்டை ரத்து செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவிதா சூட்கேஸோடும் மகளோடும் வந்து இறங்கினாள். சம்பந்திகள் பாய் மேல் உட்கார்ந்தபடியே விஷயத்தைக் கேட்டார்கள். நான் புது அக்ரிமெண்டைப் பிரித்தேன். பேர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கண்ணு, இந்தத் தடவை எம் பேர்ல போட்டுக்கலாம். உனக்குப் பாதுகாப்பா இருக்கும்."

"ஆமா சாமி, பெரியவங்க பேர்ல இருந்தா நல்லதுதான்" என்றார் ரங்கசாமி. அத்தனை நாளில் என் முன்னால் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கவிதா கோபப்படவில்லை. "அப்பா, அந்தக் காசை மாப்பிள்ளைக்குக் குடுத்தீங்களா, எனக்குக் குடுத்தீங்களா?"

"உனக்குத்தான் கண்ணு. இதென்ன கேள்வி?"

"அப்ப எம் பேரு. நீங்க குடுத்தது எனக்குன்னு எழுதறதுக்கு நாலு வருசமாயிருச்சு. இன்னும் எத்தனை நாளு நிக்கட்டும்?"

கவிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் இதை முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறேன். அதுக்குள்ள யாராச்சும் டீ வெச்சுக் கொண்டாங்க. அக்காளுக்குச் சக்கரை கம்மி."

ரங்கசாமி டீ வைத்தார், துரை எடுத்து வந்தார். குழந்தை பாயின் மேல் உருண்டு விளையாடியது.

அடுத்த வாரம் துரை ஃபோன் செய்தார். "ஏனுங்கம்மா, சின்னதா ஒரு ரூம் கெடைக்குமுங்களா? ரெண்டு பேருக்கு. வெயில் படற மாதிரி இருந்தா நல்லதுங்க." அவரவர் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். இப்போதெல்லாம் அக்ரிமெண்ட் எழுதும் இடத்தில் ஒரு பெண்ணை டீ எடுத்துவர அனுப்பினால், பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். அவள் வந்து உட்கார்ந்த பிறகு, அவள் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி திறக்கிறேன்.