ஹல்ஷ்காவுக்குக் கிடைத்த ஆறு ரோஜா

நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மாவு மூட்டை சுமந்து தொடங்கி, இன்று மூன்று ரொட்டிக் கடைகளுக்கு முதலாளி. கவிதை எனக்கு விளங்காது. உழைப்பு எதுவென்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். அந்தத் தகுதியில்தான் என் கடையில் பதினேழு வருடம் ரொட்டி விற்ற ஹல்ஷ்காவைப் பற்றி எழுதுகிறேன்.

அவள் தாய் லிதுவேனியாக்காரி. எங்கள் போலந்து ஊரிலிருந்து அந்த எல்லை அரை மணி நேரப் பயணம். தாயிடம் கற்ற மொழியை வைத்துக்கொண்டு, வைதோதாஸ் என்ற லிதுவேனியக் கவிஞரின் புத்தகத்தை ஐந்து வருடம் உட்கார்ந்து போலிஷ் மொழியில் பெயர்த்து எழுதினாள். காலை வியாபாரம் ஓய்ந்ததும் பொட்டலம் கட்டும் தாளை எடுத்து எழுத உட்காருவாள்.

"கவிதையில ரொட்டியச் சுத்திக் குடுத்துறாத."

"குடுத்தா ரொட்டியாவது விலை போகும், முதலாளி."

எங்கள் ஊரில் இரண்டு வருடத்துக்கொரு முறை ஐரோப்பியக் கவிஞர் ஒருவருக்கும் அவரை மொழிபெயர்த்தவருக்கும் சேர்த்து ஒரு பரிசு தருகிறார்கள். நடுவர்கள் ஏழு பேர். ஒருவருக்கும் லிதுவேனிய மொழி தெரியாது. அவர்கள் படித்து உருகியதெல்லாம் ஹல்ஷ்காவின் வரிகள். இறுதிப் பட்டியலில் புத்தகம் வந்தபோது அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான்: மேடையேறி ஒரு கவிதையைத் தன் வாயால் படிக்க வேண்டும்.

விழாக்குழுப் பெண் கடைக்கே வந்து சொன்னாள். "வார்சாவுல இருந்து நடிகர் வர்றாரு, அவரே படிச்சிருவாரு. உங்க குரல் கடைசி வரிசைக்கு எட்டாதும்மா."

"வரிசைல கடைசி ஆளுக்கு இங்க தினமும் கேக்குதே" என்றாள் ஹல்ஷ்கா.

அந்தப் பெண் சிரித்துவிட்டு, ஒரு கசகசா ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள். நான் அங்கேதான் நின்றேன். விழாவுக்குப் பலகாரம் முழுவதும் என் செலவு. பதாகையில் என் கடைப்பெயர் ஒரு முழ நீளம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்கும். சொல்லவில்லை.

பரிசு கவிஞருக்கும் அவளுக்குமே கிடைத்தது. கவிஞர் தன் மொழியில் படித்தார். நடிகர் கண்கலங்கி அவள் வரிகளைப் படித்தார். கவிஞர் தன் மனைவிக்கும் பதிப்பாளருக்கும் நன்றி சொல்லி இறங்கப் போகும்போதுதான், மொழிபெயர்த்தவள் நான்காம் வரிசையில் இருப்பது யாருக்கோ உறைத்தது. அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தயாராக இருந்தது ஒரே பூங்கொத்து, பதினொரு ரோஜா. விழாக்குழுத் தலைவியம்மாள் அதை அவசரமாகப் பிரித்து, கவிஞர் கையில் ஐந்தை விட்டு, மீதியை இவளிடம் நீட்டினார்.

உயிரோடிருப்பவருக்கு நாங்கள் ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்போம். இரட்டைப்படை கல்லறைக்கு. ஹல்ஷ்காவின் உதடு எண்ணியதை முன்வரிசையிலிருந்து பார்த்தேன்.

வாசலில் அவளைப் பிடித்தேன். "ஒன்ன உருவிப் போட்டுரு. அஞ்சாயிரும்."

"எதுக்கு முதலாளி? சரியாத்தான் எண்ணிக் குடுத்திருக்காங்க."

மறுநாள் அந்தப் பூ அவள் தாயின் கல்லறையில் கிடந்தது. ஆறும்.

வசந்தத்தில் கவிஞரின் புதுப் புத்தகம் கடை முகவரிக்கு வந்தது; உறை மேலேயே 'மொழிபெயர்ப்புக்கு' என்று எழுதியிருந்தது. ஹல்ஷ்கா உறையைப் பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பினாள்.

"என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டார் அவர்.

"ஆள் இல்லன்னு எழுதுங்க" என்றாள். பிறகு என் பக்கம் பார்க்காமலே அடுத்தவருக்கு ரொட்டி எடைபோட்டாள்.