சுண்டுவிரலுக்கு ஒரு பித்தளைத் துண்டு

கல்யாணத்துக்கு வாசிக்கப் போன வேனின் கதவு என் வலது சுண்டுவிரலை நசுக்கியது. எலும்பு கூடிவிட்டது, விரல் மட்டும் நீளவில்லை. கிளாரினெட்டில் அடிமட்டச் சுவரத்துக்கான துளையை மூடும் சாவி அந்த விரலுக்கு உரியது. அரை விரற்கடை தூரம்தான், எட்டவில்லை. அந்தச் சுவரம் வரும்போதெல்லாம் எங்கள் செட்டை நடத்தும் தவில்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சாவியோடு ஒரு பித்தளைத் துண்டை ஒட்டி விரல் பக்கமாக நீட்டிக்கொள்ளலாம் என்று போனில் பார்த்தேன். கடையில் விற்பவை என் பழைய வாத்தியத்துக்குப் பொருந்தாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் மில்லுக்கு உதிரிபாகம் செய்யும் லேத்துக்காரரிடம் வாத்தியத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல கைக்காரர்.

மறுநாள் சோழபுரத்தில் அம்மன் கோயில் பொங்கல். வாத்தியம் இல்லாததால் ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தேன். தவில் சத்தத்துக்கு நடுவே லேத்துக்காரரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, கட்டையக் கொஞ்சம் கொறைச்சுக்கிடவா?"

எங்களுக்குக் கட்டை என்றால் சுருதி. என் வாத்தியம் சுருதிப் பெட்டியைவிட ஒரு நூல் ஏறி நிற்கும் என்பது செட்டில் பழைய குறை. கேட்காமலே அதையும் சரிசெய்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"தாராளமாக் கொறைங்க!" என்று கத்தினேன்.

அவர் கேட்டது வாத்தியத்தின் மரக்கட்டையை. பித்தளை உட்கார இடம் போதவில்லையென்று, அந்தச் சாவி மூடுகிற துளையின் விளிம்பைச் சீவிவிட்டார். இப்போது சாவியை அழுத்தினாலும் துளை மூடுவதில்லை; சீவியதில் மரமும் மேல்வரை விரிசல் விட்டு, மற்றச் சுவரங்களிலும் காற்று கசிகிறது.

"ஒங்களக் கேட்டுத்தானண்ணே செஞ்சேன்" என்றார். பாவம், கேட்டுத்தான் செய்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராதவன் நான்தான். மெழுகு, பசை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று.

தவில்காரர் வாங்கிப் பார்த்தார். "கொஞ்ச நாள் வீட்ல இரு. பொறவு சொல்லி விடுதேன்" என்றார். என் இடத்தில் இப்போது ஒரு கீபோர்டு இருக்கிறது. சொல்லி அனுப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் வேறு எந்த வேலைக்கும் நான் லாயக்கில்லை என்பதும் தெரியும்.

தினமும் காலையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். பித்தளை அத்தனை கச்சிதம். வலியே இல்லாமல் விரல் எட்டுகிறது. ஊதினால் புஸ்ஸென்று காற்று மட்டும் வருகிறது.