பிக்கப் வண்டிக்கு வைத்த படி

எதைப் பார்த்தாலும் அது விழுந்துவிடும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். உறியில் தொங்குகிற சட்டி, சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள், ஊருக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் புதிதாகக் கட்டிய தண்ணீர் டேங்க், எதுவும் பாக்கியில்லை. இப்போது என் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சின்ன வயதில் யாரும் சிரிக்கவில்லை. பொறுப்பான பொண்ணு என்றார்கள். அதை நம்பித்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நெய்வேலியில் மேல்மண்ணை அள்ளி அள்ளிக் கடைசியில் கரி கண்ணில் பட ஆரம்பித்திருந்த சமயம். நாங்கள் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் இருந்தோம். அதுவரை அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அப்பா ஷிப்ட்டுக்குப் போனார். அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, ஜல்லி உடைக்கப் போனாள்.

அத்தைக்கு வலது கால் சூம்பியிருந்தது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். சேற்றில் நிற்க முடியாதவளை நடவுக்கு யார் கூப்பிடுவார்கள்? இருபத்திரண்டு வயதுவரை ஒருவரும் கூப்பிடவில்லை. ஜல்லி உடைப்பது உட்கார்ந்து செய்கிற வேலை. சுரங்கத்துக்குள் லாரி போகிற ரோட்டுக்கு ஜல்லி மலை மலையாக வேண்டியிருந்தது. விரல்களில் பழைய ரப்பரைச் சுற்றிக்கொண்டு அத்தை சுத்தியைப் பிடித்தால், பக்கத்தில் இருக்கிறவள் ஒரு கூடை நிரப்புவதற்குள் இவள் ஒன்றரைக் கூடை நிரப்பிவிடுவாள் என்று சொல்வார்கள். அந்த வேலைக்குப் போன பிறகுதான் அத்தை தினமும் தலைசீவிப் பூ வைக்க ஆரம்பித்தாள்.

சிக்கல் வேலையில் இல்லை, வண்டியில் ஏறுவதில் இருந்தது. பெண்களைக் கூட்டிப் போக வந்தது காண்ட்ராக்டரின் பிக்கப் வண்டி. ராணுவத்தில் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்திருந்தார்கள். பின்பக்கத் தட்டு என் நெஞ்சுக்கு மேலே இருக்கும். மற்றவர்கள் சக்கரத்தில் கால் வைத்து, பக்கப் பலகையைப் பிடித்து ஒரே தாவாகத் தாவிவிடுவார்கள். அத்தையை மட்டும் மேலேயிருந்து இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க, கீழேயிருந்து ஒருத்தி தள்ளுவாள். ஏற்றி முடிப்பதற்குள் சிரிப்பும் கூச்சலுமாக நேரம் போய்விடும். முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை.

"இது இன்னா, ஆள் ஏத்துற வண்டியா, மூட்டை ஏத்துற வண்டியா? தானா ஏற முடிஞ்சா நாளன்னைக்கு வா. இல்லன்னா வூட்ல இரு" என்று ஒரு சனிக்கிழமை சொல்லிவிட்டார்.

அந்த வண்டியை ஓட்டியது என் மாமா, அம்மாவின் தம்பி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வண்டியை எங்கள் வீட்டெதிரே வேப்பமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வண்டிக்கு ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் ஃபுட்போர்டு இருந்ததாம். துருப்பிடித்து விழுந்துபோயிருந்தது. அது பூட்டியிருந்த ஓட்டைகள் மட்டும் சேஸிஸில் மிச்சம். மாமா அடியில் மல்லாந்து படுத்து, இடப்பக்க ஓட்டைகளை ஆணியால் குத்திக் குத்தித் துருவை எடுத்தார். லாரி ஸ்பிரிங்கில் உடைந்த இரும்புப் பட்டாவைக் கொல்லரிடம் கொடுத்து வளைத்து வைத்திருந்தார். மேலே ஒரு நீளப் பனம்பலகை, அதற்குக் கீழே தொங்கலாக ஒரு சின்னப் படி என்பது அவர் கணக்கு.

கீழ்ப்படியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதற்கு அத்தையின் கால் அளவு வேண்டியிருந்தது. அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் நான் ஒருத்தி நிற்க வேண்டும்.

"உங்க அத்தைய காலைத் தூக்கச் சொல்லு. எவ்ளோ வருதுன்னு பாப்போம்."

"நான் ஒண்ணும் சர்க்கஸ்காரி இல்லன்னு உங்க மாமன்கிட்ட சொல்லு."

"சர்க்கஸ்காரியா இருந்தா நான் ஏன் வண்டிக்கடியில படுத்துக்கினு கிடக்கிறேன்னு கேளு."

நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி அப்படியே ஒப்பித்தேன். அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள். கடைசியில் அத்தையே செங்கல்லை எடுத்து அடுக்கினாள். நாலு செங்கல் உயரத்துக்குக் கால் ஏறியது. ஐந்தாவது வைத்தபோது ஏறவில்லை. மாமா அந்த நாலு செங்கல்லை வண்டியோரம் கொண்டுபோய் அடுக்கி, அதன் மேல் படியை வைத்து அளவு பார்த்துப் பூட்டினார். ஈரக்கால் வழுக்கக் கூடாது என்று தேய்ந்துபோன கன்வேயர் ரப்பரை வெட்டிப் பலகைமேல் ஆணியடித்தார்.

ஒரே ஒரு குறை. நாலு போல்ட்டில் மூன்றுக்குத்தான் நட்டு சேர்ந்தது. நாலாவதன் மரை வேறு மாதிரி. மாமா அதில் கம்பியை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டிங் பிளேயரால் முறுக்கி, "சனிக்கிழமை கடலூர் போறேன், வாங்கியாந்துடலாம்" என்றார். எல்லோரும் படியைப் பார்த்தார்கள். நான் கம்பியைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை அத்தை தானாக ஏறினாள். கீழ்ப்படி, மேல்பலகை, அப்புறம் பக்கப் பலகையில் உட்கார்ந்து உள்ளே ஒரு திரும்பு. அவ்வளவுதான். மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் சும்மா இருக்கவில்லை. அவளும் அத்தையோடு ஜல்லி உடைப்பவள். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னாடி இது, மாப்பிள்ளை வூட்டு சீரு கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துடுச்சாட்டம் இருக்குது?"

"நீ சக்கரத்துலயே ஏறு. உன் வெயிட்டுக்கு வச்சது இல்ல இது" என்றாள் அத்தை. வண்டி முழுக்கச் சிரிப்பு. மாமா ஹாரனை அடித்துக்கொண்டே கிளம்பினார்.

அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் வண்டி வந்ததும் குனிந்து கம்பியைப் பார்ப்பேன். ஒரு சுற்றுத் தளர்ந்த மாதிரி இருக்கும். அம்மாவிடம் அத்தை விழுந்துடும் என்றேன். வாயைக் கழுவு என்றாள். மாமாவிடம் சொன்னேன். "சனிக்கிழமை, சனிக்கிழமை" என்று தலையில் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். சுரங்கத்தில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு சின்னத் திருகாணி கழன்றதால் ஒருவருக்குக் கை போன கதையைச் சொன்னார். ஆபத்தைப் பார்த்தவர்கள் பேசாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து என்றார். வயலிலும் வரப்பிலும் அப்படி யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அங்கே விழுந்தால் தலையெழுத்து. இவர் விழாமல் தடுக்கலாம் என்றார். என் வயிற்றில் இருந்ததை யாரோ புத்தகத்தில் பார்த்துப் படித்த மாதிரி இருந்தது எனக்கு.

"உங்க வூட்டுப் பக்கம், ரோட்டுல, ஏதாவது அப்படிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பே குனிந்துகொண்டது. நான் எழுந்து நின்றேன்.

வண்டியைச் சொன்னேன். படியைச் சொன்னேன். ஒரு நட்டு இல்லை, கம்பி கட்டியிருக்குதுங்க என்றேன். காண்ட்ராக்டர் பேரையும் கேட்டார், அதையும் சொன்னேன். அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். டீச்சர் என் தோளைத் தொட்டாள். அன்று சாயங்காலம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மாமா சொன்னபடியே கடலூரிலிருந்து நட்டு வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை கம்பியை அறுத்துப் போட்டு, வாஷர் வைத்து முறுக்கினார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இப்ப யானை நின்னாலும் தாங்கும். போய்ச் சாப்புடு." வெள்ளிக்கிழமை செய்ததை அப்போது சொல்லியிருக்கலாம். அதுதான் சரியாகிவிட்டதே என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சுரங்கத்து கேட்டில் வண்டியை நிறுத்தினார்கள். மாமா மத்தியானம் வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைச் சாப்பாட்டு பெல்லுக்கு வீட்டுக்கு வந்த நான் கேட்டேன். அந்த அதிகாரியே வந்து குனிந்து பார்த்தாராம். நாலு போல்ட்டும் இறுக்கமாக இருந்ததாம். ஆனால் படி இவ்வளவு கீழே தொங்குகிறதே, சுரங்க ரோட்டுப் பள்ளத்தில் தட்டினால் வண்டி என்ன ஆகும், யார் இப்படி வைக்கச் சொன்னது என்று கேட்டிருக்கிறார். மேஸ்திரி, எங்க பொம்பள ஒருத்திக்குக் காலு சரியில்லைங்க என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி வண்டிக்குள் நிமிர்ந்து பார்த்தாராம். கோபமாகக்கூட இல்லையாம். அவசரமென்றால் ஓட முடியாத ஒருவரைச் சுரங்கத்துக்குள் எதற்குக் கூட்டி வருகிறீர்கள் என்றாராம். அத்தையை இனி வரவேண்டாம் என்று சொல்ல மேஸ்திரிக்கு அதற்குமேல் வேறு வார்த்தை வேண்டியிருக்கவில்லை.

படியை அங்கேயே கழற்றச் சொன்னார்கள். புது நட்டு அவ்வளவு இறுகியிருந்ததால் கழற்ற அரை மணி நேரம் ஆனதாம். அதுவரை அத்தை கேட்டுக்கு வெளியே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாளாம்.

"எவளோ போட்டுக் குடுத்திருக்கா" என்றார் மாமா.

எவள் என்பதற்கு வீட்டில் அதிக நேரம் யோசிக்கவில்லை. வாய் நீளமானவள் ஒருத்திதானே இருக்கிறாள். சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் எதிர்வீட்டு அக்காதான் என்று முடிவாகிவிட்டது. நான் குழந்தையின் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிட வேகமாக ஆட்டியதாக அம்மா திட்டினாள்.

பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அத்தையின் இடம் வேறு வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்று அம்மா ஜல்லிக்குப் போனாள். குழந்தை தவழ ஆரம்பித்தது. அதன் பின்னால் அத்தையால் ஓட முடியவில்லை. அரைப்பரீட்சைக்கு அப்புறம் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. நான் அழவில்லை. கேட்காமலே தண்டனை கிடைத்துவிட்டது, கணக்கு சரியாகிவிட்டது என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டேன். மாமா அடுத்த வருஷம் சேலத்துப் பக்கம் லாரி ஓட்டப் போய், அங்கேயே பெண் எடுத்தார். கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. புகை கண்ணுக்குள் போய்விட்டது என்றாள். நானும் நம்பினேன்.

அத்தை எங்களோடே இருந்து, எங்கள் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். "என்னடி, ஏதாவது வேணுமா?" என்பாள். ஒண்ணுமில்ல என்பேன். எதிர்வீட்டு அக்காவோடு அத்தை கடைசிவரை பேசவில்லை. அந்த அக்காவும் ஏன் என்று கேட்டுப் பார்த்து, கேட்டுப் பார்த்து, அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். வாசலுக்கு வாசல் பத்தடிகூட இருக்காது.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அதெல்லாம் இல்லை. படியைக் கழற்றியதற்கு மறுநாள் காலை.

அத்தை எப்போதும்போலக் கிளம்பியிருந்தாள். பூ வைத்திருந்தாள். சுத்தியும் தூக்குவாளியும் கையில் இருந்தன. வரவேண்டாம் என்று சொன்னது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வண்டி நிற்கிற இடத்துக்குப் போனாள். நான் பையை மாட்டிக்கொண்டு கூடவே போனேன். வண்டி வந்தது. இடப்பக்கத்தில் வெறும் ஓட்டைகள் இருந்தன. மேஸ்திரி இறங்கிப் புளியமரத்துப் பக்கம் போய் பீடி பற்றவைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அவர் வேண்டுமென்றேதான் அப்படி நின்றார் என்று இப்போது எனக்குப் படுகிறது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார், என்ஜினை அணைக்கவில்லை, வண்டியைக் கிளப்பவும் இல்லை.

எல்லோரும் ஏறினார்கள். கடைசியாக ஏறிய எதிர்வீட்டு அக்கா, உள்ளே போகாமல் பக்கப் பலகையில் வயிற்றை அழுத்திக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

"கையக் குடுடி. அந்தாளு திரும்பறதுக்குள்ள ஏறிடு."

அத்தை அந்தக் கைகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ரப்பர் சுற்றிச் சுற்றி விரல்களில் கறுப்பு வளையம் விழுந்த கைகள். அத்தை சுத்தியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"உன் கையைப் புடிச்சி நான் ஏறணும்னு ஒண்ணும் இல்ல" என்றாள்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கைகளை நீட்டியபடியே இருந்தாள். மேஸ்திரி திரும்பி வந்து ஏறினார். வண்டி கிளம்பி, ரோட்டு வளைவில் திரும்புகிறவரை அவள் கைகளை உள்ளே எடுக்கவில்லை.

நான் அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் எந்தப் படியிலும் ஏறவேண்டாம், எந்தக் கம்பியும் அறாது, அத்தை விழவே மாட்டாள். ஒரு வாரமாக இருந்த பாரம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் துள்ளிக்கொண்டு நடந்தேன். அத்தை ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறாள் என்று மட்டும் யோசித்தேன்.