ஆடி மாதம் காலியாகக் கிடந்த கல்யாண மண்டபம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்தில், மலேசியாவின் கிள்ளானில் தொடங்கியது இது. நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போவதும், மதியம் வீட்டில் கொண்டுவந்து விடுவதும் வேலை. கேட்டருகே நின்று பெற்றோர்கள் பேசும் பேச்சில் நல்ல பழமொழி ஒன்று காதில் விழுந்தால், அன்றைக்கு எனக்குப் பசியாறியது போலத்தான்.

வேன் ஓட்டுகிறவர்களுக்கு வீடுகள் எல்லாம் கேட்டை வைத்துத்தான் அடையாளம். பச்சைக் கேட்டு, துருக் கேட்டு, நாய்க் கேட்டு என்று. நீலக் கேட்டு வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஐந்தாம் ஆண்டு, சின்னவள் இரண்டாம் ஆண்டு. அவர்களுடைய அம்மா அந்த வருடத் தொடக்கத்தில் சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனார். தகப்பன் துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அம்மா போன பிறகு அந்தப் பிள்ளைகளின் தலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், சீப்புப் பிடித்துப் பழகாத கை வாரியது என்று. பள்ளி வாசலில் இறக்கிவிடும் முன் நானே அவிழ்த்துக் கட்டிவிடுவேன்.

ஒருநாள் தகப்பன் போன் செய்தார். "அக்கா, நாளையிலேருந்து புள்ளைங்கள மெயின் ரோட்டு பெட்ரோல் ஸ்டேஷன்ல ஏத்திக்குங்க. வீட்டு முன்னாடி ரோட்ட நோண்டிப் போட்டிருக்காங்க."

சரி என்றேன். ரோட்டை நோண்டுவதும் மூடுவதும் நம் ஊரில் புதிதா என்ன? ஆனால் நாட்கள் போய்க்கொண்டே இருந்தன, ரோடு மூடியதாகத் தகவல் இல்லை. பிள்ளைகள் தினமும் ஈரத்தலையோடு வேனில் ஏறினார்கள்.

ஒரு காலையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே அங்கே போய்விட்டேன். டயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய பழைய கார் நின்றது. பின் ஜன்னலில் இரண்டு பள்ளிச் சீருடைகள் ஹேங்கரில் தொங்கின, மடிப்புக் கலையாமல். சீட்டில் தலையணைகள். சின்னவள் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாய் நிறைய நுரையோடு, "ஆன்டி, இன்னும் டைம் ஆகல லா!" என்று கத்தினாள்.

தகப்பன் அதற்குமேல் மறைக்கவில்லை. வேலையிடத்தில் கால் நசுங்கியிருந்தது. கால் தேறுவதற்குள் வேலை போய்விட்டது. வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்து வீட்டைக் கேட்டுவிட்டார். வேறு வாடகை வீட்டுக்குப் போன் போட்டால், இவர் பெயரை வைத்து இந்தியர் என்று தெரிந்ததுமே "வீடு போயிருச்சு" என்று பதில். அப்படிச் சொல்லாத ஒன்றிரண்டு வீடுகளுக்கு முன்பணம் கட்ட இவரிடம் வழியில்லை.

"சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று கேட்டேன்.

"சுங்கை பூலோவுல மச்சினிச்சி இருக்குக்கா. புள்ளைங்கள மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்லுது."

அன்றிலிருந்து பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டபின் வேனை ஓரங்கட்டி, ஒவ்வோர் இடமாகப் போன் செய்ய ஆரம்பித்தேன். வீடில்லாதவர்களுக்கு இடம் கொடுக்கிற இல்லங்கள் இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் ஆண்களுக்குக் கட்டில் இருந்தது, பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். இன்னோரிடம் பெண்களுக்கானது, பெண் பிள்ளைகள் வரலாம், தகப்பன் வாசலைத் தாண்டக்கூடாது. சிறுவர் இல்லம் ஒன்றில், இன்றைக்கே கூட்டி வாருங்கள், இரண்டு பேரையும் பார்த்துக்கொள்கிறோம் என்று நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எங்கள் தாமான் குடியிருப்பிலும் இரண்டு குடும்பத்தார் பெண் பிள்ளைகளைத் தங்களிடம் விடச் சொன்னார்கள். எல்லார் வாயிலும் ஒரே பழமொழி: தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன். நானும் பல சாவு வீடுகளில் சொன்ன பழமொழிதான் அது.

ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் காலைத் தாங்கிக்கொண்டு நின்று, "புள்ளைங்க என்கூட இருக்கட்டும்க்கா" என்று மட்டும் சொன்னார். கேட்டவர்களுக்குக் கோபம் வந்தது. "தங்க இடம் இல்ல, இதுல கண்டிஷன் வேற!" என்று ஓர் அம்மா என்னிடமே எரிந்துவிழுந்தார். எல்லாரும் இடம் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து படுக்கிற ஓர் இடம்தான் எங்கும் இல்லை.

கடைசியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், தெருவில் தங்குகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து உதவி செய்கிற ஓர் இடத்துக்குப் போன் செய்தேன். அங்கே வேலை செய்யும் ஒரு பெண் பேசினார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அவரு எதுக்குப் பயப்படுறாரு?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"சமூக நல இலாகாவுக்குத் தெரிஞ்சா புள்ளைங்களப் பிடுங்கிக்குவாங்கன்னு."

"ஒளிஞ்சுக்கிட்டே இருந்தா பயம் பெருசாத்தான் ஆகும். நேரா போய் நிக்கச் சொல்லுங்க. நானும் கூட வரேன். மலிவு வாடகை வீட்டுக்கும் மனு போட்டுருவோம். ஆனா அது வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் குடும்பமாத் தங்க இடம் என் கையிலயும் இப்ப இல்ல. நீங்கதான் தினமும் சுத்துறீங்களே அக்கா, உங்க ஏரியாவுல பூட்டிக்கிடக்கிற ரூம் ஒண்ணுகூட இல்லையா?"

சொன்னபடியே வந்தார். இலாகாவில் விவரம் எழுதிக்கொண்டார்கள், பிள்ளைகளை யாரும் பிடுங்கவில்லை, வீட்டு மனுவும் உள்ளே போயிற்று. ஆனால் அன்று மாலையும் மூன்று பேரும் பெட்ரோல் நிலையத்துக்குத்தான் திரும்பினார்கள்.

பூட்டிக்கிடக்கிற ரூம் என்று அந்தப் பெண் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் ஒவ்வொரு கேட்டாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எங்கள் வட்டாரச் சங்கத்தின் கல்யாண மண்டபத்தைக் கடக்கும்போது கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. மண்டபத்துக்குப் பின்னால், காவல்காரர் தங்குகிற ஜாகா அறை ஒன்று உண்டு. காவலுக்கு இருந்தவர் ஊருக்குப் போனதிலிருந்து அது பூட்டியே கிடந்தது. அந்த வாரம் ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மாதம் முழுக்க மண்டபமே சும்மாதான் கிடக்கும்.

சங்கத் தலைவரின் பேரன் என் வேனில் வருகிறவன். அந்த உரிமையில் பிள்ளைகளின் தகப்பனைக் கமிட்டிக் கூட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். தலைவருக்குச் சம்மதம்தான். மண்டபத்துக்கு எதிர் வீட்டிலேயே குடியிருக்கும் பொருளாளருக்குத்தான் இல்லை.

"எழவு விழுந்து ஒரு வருஷம் திரும்பல. நாளைக்குப் பொண்ணு மாப்பிள்ளை கார் வந்து நிக்கும்போது கேட்டு திறந்து விடுறது இவனா? ஊரு சும்மா இருக்குமா?"

"ஆடியில எந்தப் பொண்ணு மாப்பிள்ளைய்யா வருது?" என்றார் தலைவர்.

"ஆடியில யாரும் குடியும் போகமாட்டாங்க, அது தெரியுமா உங்களுக்கு?"

"இது குடி போறதில்ல. தங்குறது."

"இப்படித்தான் ஆரம்பிக்கும். இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க!"

அருமையான பழமொழி. ஆனால் அன்றைக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை.

வாசலோரம் நின்ற தகப்பன் அப்போதுதான் பேசினார். "மண்டபத்துக்குள்ள நான் கால் வைக்கலிங்க. பின்னாலயே இருந்துக்கிறேன். புள்ளைங்க என்கூட இருந்தாப் போதும்."

"சரி, ஆடி வரைக்கும்" என்றார் தலைவர். "அப்புறம் பாப்போம்."

அப்படித்தான் ஆடி பிறந்த அன்று அவர்கள் அந்த அறைக்குப் போனார்கள். சின்னவள் என்னிடம், "ஆன்டி, பால் காய்ச்ச வேணாமா?" என்று கேட்டாள். "ஆடியில காய்ச்சக்கூடாதும்மா" என்றார் தகப்பன். மூத்தவள் பைகளைப் பிரிக்காமல் சுவரோரம் அடுக்கி வைத்தாள்.

அந்த மாதம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தகப்பன் நொண்டிக்கொண்டே மண்டபத்தைச் சுற்றிப் புல் வெட்டினார், சாக்கடை அடைப்பை எடுத்தார். காலையில் நான் ஹாரன் அடிக்கும்போது பின் படிக்கட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துத் தலைவாரிக்கொண்டிருப்பார். முதல் வாரத்தில் வகிடு கோணலாகப் போகும், சின்னவள் "வலிக்குதுப்பா, என்ன லா இது!" என்று கத்துவாள். போகப் போகக் கத்தல் குறைந்தது. பள்ளி வாசலில் எனக்கும் ஒரு வேலை குறைந்தது.

ஆவணி முதல் நாள் காலை. மண்டபத்து வாசலில் ஹாரன் அடித்தேன். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தேன். கேட்டில் பூட்டுத் தொங்கியது. உள்ளே கார் இல்லை. வேனில் இருந்த பிள்ளைகளோடு நேராகப் பெட்ரோல் நிலையத்துக்கு விட்டேன்.

அங்கேதான் இருந்தார்கள். காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அதே கார், முதுகில் பைகளோடு இரண்டு பிள்ளைகள். இந்தத் தடவை தலை ஈரமாக இல்லை, ரெட்டைச் சடை நேராக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். தகப்பன் வந்து ஒரு சாவிக்கொத்தை என்னிடம் நீட்டினார்.

"இத தலைவருகிட்ட கொடுத்துருங்கக்கா. ரூம் கழுவி விட்டிருக்கேன்."

"யாராச்சும் போகச் சொன்னாங்களா?"

"இல்லக்கா. ஆடி முடிஞ்சிருச்சில்ல. அவங்க வந்து சொல்ற மாதிரி ஏன் வச்சுக்கணும்?"

சாவி என் கையில் இருக்கும்போதே போன் அடித்தது. தலைவர். எடுத்த எடுப்பிலேயே கத்தினார். "நம்ம ஜாகா எங்க போனான்? சனிக்கிழமை கல்யாணத்துக்கு நாற்காலி லோரி வந்து நிக்குது, கேட்டு பூட்டிக் கிடக்கு!"

போனைத் தகப்பன் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"தலைவரே, ஆடி முடிஞ்சிருச்சுங்க" என்றார்.

"முடிஞ்சா? அதுக்கு?"

"நீங்கதானே ஆடி வரைக்கும்னு சொன்னீங்க."

தலைவர் அந்தப் பக்கம் யாரிடமோ திரும்பி, "யோவ், நீ இவன்கிட்டச் சொல்லலையா?" என்று கேட்பது காதில் விழுந்தது. "நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான் இருந்தேன்" என்றது பொருளாளரின் குரல்.

விஷயம் என்னவென்றால், முந்தின வாரக் கமிட்டியிலேயே வீடு கிடைக்கும்வரை அவர்களை வைத்துக்கொள்வதென்று முடிவாகிவிட்டது. அதைப் பேச்செடுத்ததே பொருளாளர்தானாம். காரணம் கேட்டதற்கு அவர் சொன்னதைத் தலைவர் பிறகு என்னிடம் நடித்தே காட்டினார்: "எதிர் வீட்டுலேருந்து தினம் பாக்குறேன்யா. வந்தப்ப அந்தப் புள்ளைங்க தலை குருவிக்கூடு மாதிரி இருந்துச்சு. இப்ப ரெட்டைச் சடை போடுறான். கத்துக்கிட்டான்யா மனுஷன்! அவன்கிட்டேருந்து புள்ளைங்கள எப்படிப் பிரிக்கிறது?" எழவு விஷயத்தையும் அவர் விட்டுவிடவில்லை. வருடம் திரும்பும்வரை கல்யாண நாட்களில் முன் கேட்டைத் தானே திறப்பதாகவும், பின் கேட்டைத் தகப்பன் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் ஏற்பாடு. இவ்வளவும் பேசி முடித்தவர்கள், மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற அறைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டேன். தகப்பன் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு லோரிக்குக் கேட்டைத் திறக்கப் போனார். மதியம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டபோது, தலைவர் பால் வாங்கி வைத்திருந்தார். அறையில் அடுப்பு இல்லாததால் மண்டபத்துச் சமையற்கட்டிலேயே காய்ச்சினார்கள். ஆயிரம் பேருக்குச் சமைக்கிற இடம், இருந்ததிலேயே சின்னப் பாத்திரத்திலும் பால் அடியோடு அடியாகக் கிடந்தது. பொங்கி வழியட்டும் என்று சின்னவள் எட்டி எட்டிப் பார்த்தாள். அது எங்கே வழிவது? பொருளாளர் எதிர் வீட்டுக்குப் போய் ஒரு சின்னச் சட்டியை எடுத்துவந்தார். அதில் ஊற்றியதும் பொங்கியது. மூத்தவள் அன்று சாயங்காலம்தான் பைகளைப் பிரித்தாள்.

அடுத்த வருடம் அவர்களுக்கு மலிவு வாடகை அடுக்குமாடி வீடு கிடைத்தது. தகப்பன் இன்னும் அந்த மண்டபத்துக்குத்தான் வேலைக்குப் போகிறார், முன் கேட்டையும் அவரேதான் திறக்கிறார். தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன் என்ற பழமொழியை நான் சொல்வதை விட்டுவிட்டேன். என் வேனில் புதிதாக ஏறும் பிள்ளையிடம்கூட, "இது உன் இடம்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் இப்போதெல்லாம் உட்கார வைக்கிறேன். கொடுத்த இடத்தில் இருக்கிறவர்களில் யார் இன்னும் பையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிவதே இல்லை.